ஆண்டவரின் வலது தோள்

போன வருடம் பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் வலது கை பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. ஆணியைக் கழற்றியாயிற்று, வெள்ளைத் துணியைக் கக்கத்துக்குள் கொடுத்தாயிற்று, இடது கையும் சொன்னபடி இறங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டது. வலது கை மட்டும் சனத்தைப் பார்த்து நீட்டியபடி, வரமாட்டேன் என்று நின்றது. கொழும்புத்துறைக் கடற்கரையில் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலுக்குள் அன்று நானூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒப்பாரி பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் வாயை மூடிவிட்டார்கள். கடைசியில் நீக்கிலாப்பிள்ளை தன் தோளை அந்தக் கைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, "மெல்ல, நோகப்போகுது" என்று மரத்துக்காகப் பரிந்து பேசிக்கொண்டே அதை இறக்கினார்.

அந்தச் சுரூபம் ஆளுயரம், வேப்பமரத்தில் செதுக்கியது. மற்றச் சுரூபங்களைப்போல அது பீடத்தில் நின்று மாலை வாங்குவதில்லை. வருடம் முழுவதும் கோயிலின் பின்னறையில், ஆசந்தி என்கிற நீளப் பெட்டிக்குள், வயிற்றின்மேல் கைகள் குறுக்காகக் கட்டப்பட்டுப் படுத்திருக்கும். ஒரேயொரு நாள் வெளியே எடுத்துச் சிலுவையில் ஏற்றுவார்கள். மூன்று மணிக்கு ஊர் அழ அழ இறக்கி, கையைக் கட்டி, ஆசந்தியில் வைத்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோவார்கள். கை இறங்கவேண்டுமே என்பதற்காக இரண்டு தோளிலும் மூட்டு வைத்திருந்தார்கள். அந்த இறக்கும் வேலையை இருபத்தேழு வருடமாகச் செய்தவர் நீக்கிலாப்பிள்ளை. ஒவ்வொரு வருடமும் அதே "மெல்ல, நோகப்போகுது"தான். இளந்தாரிகள் முகத்தைத் திருப்பிச் சிரிப்பார்கள். அவர் கவனிக்கமாட்டார்.

கார்த்திகையில் அவருக்குப் பாரிசவாதம் அடித்தது. இடப்பக்கம் முழுக்கப் போயிற்று.

அவருடைய ஒரே மகள் ஜெசிதா, யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் கை செய்யும் பட்டறை ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறவள். அப்பாவின் இடது தோளைத் தொட்டுப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி. உடம்பிலேயே நம்பக்கூடாத மூட்டு தோள்தான். இடுப்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. தோளுக்குக் கிடைத்ததோ கோப்பைத் தட்டு அளவு பள்ளம். எலும்பு அதைப் பிடித்துவைப்பதில்லை. சுற்றியிருக்கும் தசைகள்தான் நித்திரையிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை சோர்ந்தால் கை தன் நிறையாலேயே வழுகி இறங்கிவிடும். அந்த ஆபத்துக்குக் கூலியாகத்தான் தோள் எந்தத் திசையிலும் சுழல்கிறது. வேறெந்த மூட்டுக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை.

வலது கை தப்பியது. அந்தக் கையால் சாப்பிட்டார், முகம் வழித்தார். அந்தக் கையின் பெருவிரலால் தினமும் காலையில் மகளின் நெற்றியில் சிலுவை போட்டு வேலைக்கு அனுப்பினார். நேசறிப் பள்ளியில் தொடங்கிய பழக்கம் அது. அவளுக்கு முப்பத்திநான்கு வயதாகியும் விடவில்லை. சைக்கிளில் ஏறிய பிறகு ஞாபகம் வந்தால் இறங்கித் திரும்பி வந்து நெற்றியைக் காட்டுவாள்.

தவக்காலம் தொடங்கிய கிழமை, கோயிலைக் கவனிக்கும் செபமாலை மூப்பர் வீட்டுக்கு வந்தார். கோயில் பூட்டுகளின் திறப்புகள் எல்லாம் அவருடைய அரைஞாணில்தான் தொங்கும்.

"பிள்ளை, நீ செத்த காலையே நடக்க வைக்கிறாய். ஆண்டவரின்ரை கையை ஒருக்காப் பாரன். போன முறை பட்ட வெக்கம் போதும்."

ஜெசிதா போய்ச் சுரூபத்தின் வலது தோளை மூடியிருந்த தோலைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது கதவுப் பிணைச்சலைப் போன்ற ஒரு மூட்டு. குறுக்கே ஒரு இரும்புக் கம்பி, அது உப்புக் காற்றில் துருவேறி மரத்தையும் வெடிக்க வைத்திருந்தது. அந்த மூட்டால் கை ஏறும், இறங்கும். வேறொன்றும் செய்யாது. கம்பியை மாற்றி எண்ணெய் விட்டிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் கைவேலைக்காரருக்கு ஒரு வியாதி உண்டு, யாரும் கேட்காததைச் சிறப்பாகச் செய்துவிடுவார்கள். தோள் என்றால் தோளாக இருக்கவேண்டும் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. பந்தும் குழியும் வைத்துச் செய்வது என்று முடிவெடுத்தாள்.

பட்டறைப் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் போனவருக்கு அளவெடுக்கும்போது மற்ற நல்ல பக்கத்தில்தான் எடுப்பார்கள். ஆண்டவரின் இடது தோளைக் கரையான் அரித்திருந்தது, அதில் அளவெடுக்க வழியில்லை. இராச்சாப்பாட்டின்போது அவள் அதைச் சொல்ல, நீக்கிலாப்பிள்ளை போட்டிருந்த சேட்டை வலப்பக்கம் இழுத்துவிட்டு, "என்ரையிலை எடு" என்றார்.

"ஆண்டவருக்கு உங்கடை தோளோ? இஞ்சாருங்கோ, உங்களுக்கு வெக்கமில்லையோ" என்றாள் மார்கிரட். ஜெசிதாவின் தாய்.

அவர் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். ஜெசிதா ஈரப் பிளாஸ்டர் துணியைத் தோளில் சுற்றி, இறுகும்வரை பிடித்திருந்தாள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். "சுகமாயிருக்கு" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அச்சில் தோளைச் செய்தாள். கையைப் பூட்டுவதற்கு முன்னால் தராசில் வைத்தாள். பட்டறையில் எந்த அவயத்தையும் நிறுத்து எழுதாமல் வெளியே விடுவதில்லை. மூன்று கிலோ நூறு கிராம். ஒரு துண்டு ரேப்பில் எழுதிக் கக்கத்துக்குள் ஒட்டினாள். பூட்டிய பிறகு அந்தக் கை ஏறியது, இறங்கியது, முன்னும் பின்னும் போயிற்று, வட்டமாகச் சுழன்றது. மூப்பர் நாலு தரம் சுழற்றிப் பார்த்து, "சோக்கான வேலை" என்றார். பிறகு ஊதா நாடாவால் இரண்டு கையையும் வயிற்றின்மேல் கட்டிப் பெட்டியை மூடினார்.

அடுத்த நாள் காலை அப்பாவின் பெருவிரல் அவளுடைய மூக்குவரைக்கும்தான் வந்தது.

"குனியன் பிள்ளை" என்றார். குனிந்தாள். நாலாம் நாள் குனிந்தும் எட்டவில்லை. கோணமானியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். பாகைமானிக்கு இரண்டு கை முளைத்ததுபோன்ற சாமான் அது, மூட்டு எவ்வளவு திறக்கிறது என்று சொல்லும். நூற்றெண்பது பாகை போன கை நூற்று நாற்பதில் நின்றது. அடுத்த கிழமை தொண்ணூற்றைந்து. அதற்கடுத்த கிழமை அறுபது. ஆஸ்பத்திரியில் இறுகின தோள் என்றார்கள், பாரிசவாதத்துக்குப் பிறகு வருவதுதான், பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் பாரிசவாதம் போனது இடப்பக்கம். இறுகுவது வலப்பக்கம். கையும் நாளுக்கு நாள் உள்ளே திரும்பி வயிற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முழங்கை மடங்கும், ஆனால் தோள் திரும்பாததால் கரண்டி வாய்க்குப் போகாமல் மற்றத் தோளுக்குப் போயிற்று. மார்கிரட் சோற்றைத் தீத்திவிடத் தொடங்கினாள். எழுபது வயதுவரை கடலில் தனியாக வலை இழுத்த மனிதர், வாயைத் திறந்துகொண்டு சுவரைப் பார்ப்பார். மிச்சமிருந்தது ஒரு கை. அதுவும் போனால் அப்பாவிடம் அப்பாவென்று எதுவும் இருக்காது.

பெரிய வெள்ளி காலை மார்கிரட் கத்திக் கூப்பிட்டாள். நீக்கிலாப்பிள்ளை கட்டிலில் கிடந்தார். அவருடைய வலது கை பக்கவாட்டில் நேராக நீண்டு, கட்டிலுக்கு வெளியே, ஒன்றிலும் தங்காமல் நின்றது.

ஜெசிதா பிடித்து இறக்கப் பார்த்தாள். அசையவில்லை. அழுத்தினால் தடுப்பது தசை இல்லை என்று விரலுக்குத் தெரிந்தது. தசை தடுத்தால் துடிக்கும். இது கட்டை.

"நோகுதோ அப்பா?"

"இல்லை. உள்ளங்கைதான் கொஞ்சம் கடிக்குது."

கோயிலில் சுபாசும் மற்றப் பெடியளும் ஏழு மணிக்கே சுரூபத்தை ஏற்றி அறைந்துவிட்டார்கள் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. நீக்கிலாப்பிள்ளையின் இடத்தில் இந்த வருடம் சுபாஸ். இருபத்தாறு வயது, நல்ல பலசாலி, கவனம் கொஞ்சம் குறைவு.

சேட்டுப் போட முடியவில்லை. ஒரு வெள்ளைச் சாரத் துணியால் கையை மூடி, சில்லுக்கதிரையில் வைத்து இரண்டரைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். சனம் விலகி வழிவிட்டது. முன்வரிசையில் அவர் ஒரு கையை நீட்டியபடி சிலுவைக்கு முன்னால் இருந்தார். பார்த்தவர்கள் பாவம் என்று தலையாட்டினார்கள். ஜெசிதா கதிரையின் பின்னால் நின்றாள்.

மூன்று மணிக்கு ஆணியைக் கழற்றினார்கள். முதலில் இடது கை, பழைய மூட்டில் கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. பிறகு வலது. சுபாஸ் மணிக்கட்டைப் பிடித்து இறக்க, கதிரையில் சாரத்துக்கடியில் அப்பாவின் கையும் இறங்கியது. சுபாசுக்குப் பிடி வழுகி ஒரு கணம் நின்றது; அப்பாவின் கையும் நின்றது. அவன் மறுபடி பிடித்து வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோனான். அப்பாவின் கையும் வயிற்றுக்குக் குறுக்கே வந்து படுத்தது. நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டபோது நீக்கிலாப்பிள்ளை "ஹ்ம்" என்று ஒரு சத்தம் வைத்தார். சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஜெசிதா அழவில்லை, சாரத்தை இழுத்து அப்பாவின் கையை மூடினாள்.

அடுத்த நாள் காலை மூப்பரிடம் போனாள். ஆண்டவரின் கையோடு அப்பாவின் கையும் ஏன் அசைகிறது என்று சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

மூப்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தோளுக்கு ஆரின்ரை அளவு எடுத்தனீ?"

சொன்னாள்.

"உயிரோடை இருக்கிற ஆளின்ரை அளவை இந்தச் சுரூபத்துக்கு எடுக்கப்படாது பிள்ளை. முதல் செதுக்கின ஆசாரிகூடச் செத்த ஒருத்தரின்ரை அளவிலைதான் செய்தவன். ஆர் எண்டு கேளாதை. அளவு குடுத்தவன்ரை கை இந்தக் கையோடை போகும் எண்டுதான் எங்கடை ஆக்கள் சொல்லுறவை. உன்ரை கொப்பருக்கு இது நல்லாத் தெரியுமே."

அவள் வீட்டுக்கு வந்து கட்டில் நுனியில் இருந்தாள்.

"தெரிஞ்சோ தந்தனீங்கள்?"

நீக்கிலாப்பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "இருபத்தேழு வருசம் நான்தான் இறக்கினனான். இந்த முறை என்னைக் கதிரையிலை இருத்திப்போட்டு உவன் சுபாஸ் இறக்குவான். ஒரு தோளாவது அங்கை நிக்கட்டும் எண்டு நினைச்சன். இப்பிடி வரும் எண்டு நினைக்கேல்லை."

அவளுக்குக் கோபம் வந்தது. தன்மேல்தான் கூட. "போய் அந்தத் தோளை உடைச்சு எடுக்கிறன்."

"உடைச்சால்?" என்று அவர் தன் தோளைக் கண்ணால் காட்டினார். "அது உடையேக்கை இது என்ன செய்யும்?"

உடைக்கிற எண்ணத்தை விட்டாள். ஆனால் இறுகின மூட்டுக்கு என்ன செய்யவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதைத்தான் செய்தாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுநாளிலிருந்து, விடிந்த கையோடு மூப்பரிடம் திறப்பு வாங்கிப் பின்னறைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து, நாடாவை அவிழ்த்து, பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். ஒரு கை முழங்கைக்கு அடியில், மற்றது மணிக்கட்டில். முன்னால் பத்துத் தரம், பக்கவாட்டில் பத்துத் தரம், உள்ளே வெளியே திருப்பிப் பத்துத் தரம். பட்டறைக்கு வரும் நோயாளிகளுக்குச் செய்வதைக் கடவுளின் சுரூபத்துக்குச் செய்தாள். யாராவது பார்த்திருந்தால் பெட்டைக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். முதல் நாள் அவளுக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்க் கோணமானியை வைத்தாள். இருபத்தைந்து பாகை. முந்தின நாள் இருந்ததைவிட ஐந்து கூட. சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு கிழமையில் ஐம்பது. கரண்டி வாய்க்குப் போயிற்று. அன்று மார்கிரட் குசினிக்குள் போய் நின்று அழுதாள்.

ஒரு நாள் திறப்பை வாங்கப் போனபோது மூப்பர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"பிள்ளை, பகல் பன்னிரண்டு மணிக்கு நான் மணியடிக்கேக்கை உள்ளையிருந்து தட்டிக் கேக்குது."

"எங்கையிருந்து?"

"பெட்டிக்குள்ளை. மூண்டு, நாலு தரம். மணி நிண்டால் அதுவும் நிக்குது."

எலியாயிருக்கும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். இரவு சாப்பிடும்போது தாயிடம் கேட்டாள், பகல் பன்னிரண்டுக்கு அப்பா என்ன செய்கிறவர்.

"என்ன செய்யிறது, மணி கேட்டால் திரிகால செபம் சொல்லுவார். சிலுவை போடக் கையைத் தூக்கப் பாப்பார். ஏலாது. திரும்பத் திரும்பத் தூக்குவார், நான் விடுங்கோ எண்டாலும் கேக்கமாட்டார்."

ஜெசிதா சோற்றைத் தள்ளி வைத்தாள். மரம் அப்பாவை ஆட்டுகிறது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அப்பா தூக்க, கோயிலில் நாடாவால் கட்டிய கை பெட்டி மூடியில் போய் முட்டியிருக்கிறது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் இருந்தாள்.

"நாளையிலை இருந்து ஆறு மணி மணியோடை நீங்களும் தூக்குங்கோ. நான் அங்கை தூக்கிறன். ரெண்டு பேரும் சேர்ந்து."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "ஓம்" என்றார்.

மறுநாள் ஆறுக்கு மணி அடித்தது. அவள் தூக்கினாள். கையில் நிறை இல்லை.

அதாவது, இருந்தது, பாதிதான் இருந்தது. கக்கத்துக்குள் ரேப்பில் அவளுடைய கையெழுத்து அப்படியே இருந்தது, மூன்று கிலோ நூறு. அவள் ஏந்தியதோ ஒன்றரைக்கு மேல் இராது. இந்த வேலைக்காரருக்கு அது நன்றாகப் பழகிய விசயம். நோயாளி தானும் சேர்ந்து தூக்கினால், தாங்குகிறவரின் கைக்கு நிறை குறையும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், உள்ளே ஒருவர் முயற்சி செய்கிறார் என்று. அந்த இருண்ட அறையில், மெழுகுதிரி மணத்துக்குள், கண்கள் மூடிச் செதுக்கப்பட்ட அந்த முகத்துக்கு முன்னால் அது தெரிந்தபோது அவளுக்கு ஓடவேண்டும் போலிருந்தது. பத்துத் தரம் முடியும்வரை இருந்தாள். ஓடினால் அங்கே அப்பாவின் கை விழுந்துவிடுமே.

பிறகு அது பழகிவிட்டது. எதுவும் பழகிவிடும். எழுபது பாகை. எண்பத்தைந்து. வைகாசி முடிய நூறைத் தாண்டியது. மரக்கை காலையில் நாளுக்கு நாள் இலேசானது. சில நாள் அவள் விரலை மட்டும் கொடுத்தால் போதும், அது தானாக ஏறியது. அவள் அதோடு கதைக்கவும் தொடங்கியிருந்தாள். "இன்னும் கொஞ்சம் அப்பா. அவ்வளவுதான். இறக்குங்கோ."

ஒரு திங்கள் பின்னேரம் நீக்கிலாப்பிள்ளை கையைத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். வியர்த்துவிட்டது. ஆனால் தொட்டார்.

"நாளைக்கு உனக்குப் போடுறன். நெத்தியிலை போட்டுத்தான் வேலைக்கு அனுப்புவன்."

"கோயிலாலை வந்து நிப்பன். எழும்பி இருங்கோ" என்றாள் ஜெசிதா.

செவ்வாய் காலை மழைத் தூறல். அவள் வெளிக்கிட்டபோது அவர் முழித்திருந்தார், முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. சரியாக நித்திரை வரவில்லை என்றார். அவள் ஈரத் தலையோடு பின்னறைக்குப் போய், நாடாவை அவிழ்த்து, முழங்காலில் இருந்தாள். மணி அடித்தது.

முதல் ஐந்து தரம் வழக்கம்போல நடந்தது. ஆறாவது தரம் கை அவள் கொண்டுபோன பாதையை விட்டு விலகியது. அவள் இழுக்கவில்லை, அவளுடைய கைகள்தான் அதன் பின்னால் போயின. மரப் பெருவிரல் மேலே வந்து, அவளுடைய நெற்றியில், தலைமயிர் தொடங்கும் இடத்தைத் தொட்டது. அங்கேயிருந்து புருவங்களின் நடுவரைக்கும் மெதுவாக இறங்கியது. பழைய பிணைச்சல் மூட்டால் அவ்வளவுதான் முடிந்திருக்கும், மேலிருந்து கீழே ஒரு கோடு. விரல் எழும்பியது. நெற்றியின் ஒரு ஓரத்துக்குப் போயிற்று. அங்கேயிருந்து மற்ற ஓரம்வரைக்கும் குறுக்கே இழுத்தது. கடைசியில் ஒரு சின்ன அழுத்தம், அப்பா எப்போதும் கொடுப்பதுபோல.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடச் சந்தோசம் கூடவாக இருந்தது. "எட்டிப்போட்டுதே அப்பா" என்றாள்.

உடனே கை பாரித்தது. முழு நிறையும் வந்து அவளுடைய இரண்டு கைகளிலும் விழுந்தது. மூன்று கிலோ நூறு கிராம். அதில் ஒரு கிராமைக்கூட வேறு யாரும் தாங்கவில்லை.

அவள் அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கைப்பையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அம்மாவாகத்தான் இருக்கும். எடுக்கவேண்டும், எடுத்தே ஆகவேண்டும். ஆனால் பிடித்த கையை அப்படியே போட்டுவிட்டு எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. முழங்கைக்கு அடியிலும் மணிக்கட்டிலுமாக ஏந்தி, வயிற்றின்மேல் கொண்டுபோய், இடது கைக்கு மேலே குறுக்காக வைத்தாள். நாடாவைத் தொடவில்லை.

"மெல்ல" என்றாள். "நோகப்போகுது."